பைலட் இல்லை, நாவிகேட்டர்

எங்கள் தெரு ரெசிடன்ட்ஸ் அசோசியேஷனின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. புதிதாக நடப்போகிற கருங்கல் பலகையின் மாதிரி. மேலே மூவர்ணக் கொடி, கீழே கவுன்சிலரின் பெயர் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், நடுவில் ‘வீர பைலட் கணேசன் ரோடு’. கரமனையில் எங்கள் தெருவுக்கு இனிமேல் அதுதான் பெயராம். படத்துக்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணேசன் பைலட் இல்லை. நாவிகேட்டர். எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்தில் குண்டுவீச்சு விமானத்தில் போய்த் திரும்பி வராதவர். விமானத்தை ஓட்டியவர் வேறொருவர், வடக்கே எங்கோ அவருக்கும் ஒரு வீடு உண்டு. நம்மவர் வழி கணக்கிட்டுச் சொன்னவர், இலக்கைப் பார்த்துக் குண்டை விடுவித்தவர். விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இங்கே குடிவந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘பைலட் வீட்டு முக்குல இறங்கணுமா’ என்று கேட்கிற ஆட்டோக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். பால் பூத்தில் சொல்லியிருக்கிறேன். கோயில் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவார்கள். மறுநாள் மறுபடியும் பைலட்தான்.

அசோசியேஷன் செக்ரட்டரி விஷ்ணு, கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். நல்ல பிள்ளை, ஆனால் எதையும் காது கொடுத்துக் கேட்கப் பொறுமை கிடையாது. கல் திறப்பு அன்று நான் பத்து நிமிஷம் பேச வேண்டும், தெருவில் அவரோடு வேலை பார்த்த ஆள் நான் ஒருவன்தான் என்று ஃபோனில் அழைத்தான். பேசுகிறேன், முதலில் அந்த வார்த்தையை மாற்று என்றேன்.

“அங்கிளே, நாவிகேட்டர்னு இட்டா ஆர்க்கு மனசிலாகும்? ஃபோன்ல வழி சொல்லுதுல்லா, அதுன்னு நினைப்பாங்க” என்றான்.

ஃபோனை வைத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் சொல்லி முடிகிற விஷயமாகவும் எனக்குப் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா போனக்காட்டில் தேயிலை ஃபேக்டரித் தொழிலாளி. மலையைவிட்டு இறங்கினால் போதும் என்று பத்தாம் வகுப்பு முடித்த கையோடு விமானப்படையில் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர், சப்பாத்தி, புரியாத ஹிந்தியில் வசவு. என் பெயர் முருகேசன். அப்பா பெயர் சுடலைமுத்து. ஃபாரத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள், அப்பா பெயரை எழுதினேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஓய்வுபெறும்வரை என்னை ஊர்பேர் தெரியாதவனெல்லாம் ‘சுடலை’ என்று கூப்பிட்டான். அப்பாவைக் கூப்பிடுகிறமாதிரி இருக்கும்.

என்னைப் போட்ட இடம் பாராசூட் செக்‌ஷன். லீவில் வந்தபோது, பாராசூட் மடிக்கிற வேலை என்று சொன்னதும், “இஸ்திரி போடுதது மாதிரியாடே?” என்று மாமா கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். உள்ளே எரிச்சல்தான்.

எங்கள் வாரன்ட் ஆபீசர் கில் சாப், பஞ்சாபி. ஆறடிக்கு மேல் உயரம், மெல்லிய குரல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதைவிட மோசமான வழக்கம் ஒன்று வைத்திருந்தார். காலையில் நாங்கள் வரிசையாக நின்றதும் முதலில் நகம் பார்ப்பார். நகம் நீண்டிருந்தால் பாராசூட் துணியில் இழை இழுத்துக்கொள்ளும். பிறகு மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அதன்பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து, என் தலையை முகர்ந்து பார்ப்பார். என் தலையை மட்டும். தேங்காய் எண்ணெய் இருக்கிறதா என்று சோதனை. ஒரு துளி எண்ணெய் துணியில் பட்டாலும் அந்த பாராசூட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். பிறந்ததிலிருந்து எண்ணெய் வைத்த தலை அது. வட இந்தியக் குளிரில் காய்ந்து, செதில் செதிலாக உரிந்து, ராத்திரி தூங்கவிடாமல் அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருட்டுத்தனமாக வைத்துவிட்டு சோப்புப் போட்டு மூன்று தரம் அலசினேன். மறுநாள் முகர்ந்தார். “நாரியல்” என்று ஒரே ஒரு வார்த்தை, ஹிந்தியில் தேங்காய். அந்த வாரம் முழுக்க என்னை மேஜைப் பக்கம் விடவில்லை. கோணிப்பை தைத்துக்கொண்டிருந்தேன்.

மேஜை என்றால் அறையின் நீளத்துக்கு இருக்கும். பாராசூட்டை உச்சியில் கொக்கி போட்டு இழுத்து அதன்மேல் நீட்டிப் படுக்க வைப்போம். துணியின் பட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, காற்றுப்போகத் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்கியது கலையாமல் இருக்க ஈயக்குண்டு நிரப்பிய சின்னப் பைகளை வைத்துக்கொண்டே போவோம். கயிறுகளை முறுக்கு விழாமல் வளைத்து வளைத்துச் செருக வேண்டும். ஒரு கயிறு மற்றொன்றைத் தாண்டிவிட்டால் முதலிலிருந்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பையை மூடுவதற்கு முன்னால் கில் சாப் வந்து கருவிப் பலகையைப் பார்ப்பார். கொக்கி, கத்தரி, ஈயப் பைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால்தான் மூட அனுமதி. இல்லையென்றால் அது உள்ளே மடிந்து கிடக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, இழுத்தால் பை திறக்கிற ஊசிமுளையில் சிவப்பு நூல் கட்டி முத்திரை. மடித்தவன் கையெழுத்து. விமானத்தில் ஏறுகிறவன் என் கண்முன்னாலேயே அந்த நூலைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போவான்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன். விஷ்ணுவும் அவன் கமிட்டியும் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். எங்கள் ஸ்குவாட்ரனில் இருந்த குண்டுவீச்சு விமானத்தில் இரண்டே பேர். பைலட் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். அவருடைய சீட் அடியில் வெடிமருந்து உண்டு. ஆபத்து வந்தால் பிடியை இழுப்பார், சீட்டோடு ஆள் வெளியே வீசப்படுவார், பாராசூட் தானாக விரியும். நாவிகேட்டர் இருப்பது கீழே, மூக்குப் பகுதியில். குண்டு போடும் நேரத்தில் குப்புறப் படுத்துக் கண்ணாடி வழியே தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குப்புறப் படுக்கிறவர் மார்பில் பாராசூட்டைக் கட்டிக்கொள்ள முடியாது. அது பக்கத்தில் ஒரு தாங்கியில் இருக்கும். ஆபத்து என்றால் அவர் எழுந்து, அதை எடுத்து, மார்பில் இரண்டு கொக்கியிலும் மாட்டி, தவழ்ந்துபோய்ப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, குதிக்க வேண்டும். வீசி எறிகிற சீட் அவருக்குக் கிடையாது. ஒரே விமானம், ஒரே ஆபத்து, ஆனால் பைலட் என்றால் ஒரு கணக்கு, நாவிகேட்டர் என்றால் வேறு கணக்கு. இதைத்தான் இவர்கள் ‘வார்த்தையில என்ன இருக்கு அங்கிளே’ என்கிறார்கள்.

கணேசன் ஸ்குவாட்ரனுக்கு வந்த புதிதில் என் பதிவு அட்டையில் ஊர் திருவனந்தபுரம் என்று பார்த்துவிட்டு, ஆபீசர் என்கிற தோரணையே இல்லாமல் தமிழில் பேசினார். கரமனை அக்ரஹாரத்துப் பிள்ளை. அந்த முகாமில் என்னை முருகேசன் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கில் சாப் என் தலையை முகர்வதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “லீவுக்குப் போறச்சே கரமனை ஆத்துல தலை நெறைய எண்ணெய் தேச்சுக் குளிடா, எல்லாம் செரியாயிடும்” என்றார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாராசூட்டை வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு மார்பில் மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார். மற்ற ஆபீசர்கள் கேலி செய்வார்கள். அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருப்பார். சில சமயம் கொக்கி ஒன்று தப்பும். அப்போது முதலிலிருந்து தொடங்குவார். அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

யுத்தம் வந்தது. ஒரு சாயங்காலம் கணேசன் தன் பைலட்டோடு வந்து பாராசூட்டை வாங்கிக்கொண்டார். நான் மடித்தது. வழக்கம்போலக் கண்ணை மூடி மாட்டிப் பார்த்தார், “வரட்டுமாடா” என்றார். மறுநாள் காலையில் கில் சாப் வந்து, நகம் பார்க்காமல், என் கையெழுத்துள்ள எல்லா பாராசூட்டையும் ராக்கிலிருந்து இறக்கச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அது முறை. போனவர் திரும்பாவிட்டால் மடித்தவனுடைய மற்ற வேலையையெல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள். வேறொரு முகாமிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் நிற்க, ஒவ்வொன்றாக மேஜையில் பிரித்துக் கயிறு கயிறாகப் பார்த்தார். குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கில் சாப் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல எனக்குப் பின்னால் வந்து தலையை முகர்ந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குதித்துப் பிழைத்து வந்தவன் மடித்தவனைத் தேடி வந்து ஒரு பாட்டில் ரம் கொடுப்பான். அப்போதுதான் நம் கைவேலை விரிந்தது என்று நமக்குத் தெரியும். வராதவன் விஷயத்தில் ஒன்றுமே தெரியாது. பின்னாளில் யுத்தக் கைதிகள் திரும்பி வந்தபோது அவர்கள் இருவரும் அதில் இல்லை. கணேசனால் கொக்கியை மாட்டவாவது முடிந்ததா, கதவுவரை போனாரா? இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

யுத்தம் முடிந்த சில நாளிலேயே அவருடைய டிரங்குப் பெட்டி ரயிலில் ஊருக்கு வர வேண்டியிருந்தது. நான் லீவில் போகிறவன், பாஷை தெரிந்தவன் என்று என்னைக் கூட அனுப்பினார்கள். பெட்டியை ஒப்படை, மரியாதையாகப் பேசு, உனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல் என்பது எனக்கு வந்த உத்தரவு.

அக்ரஹாரத்து வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தரம். யூனிஃபார்ம் போட்டிருந்ததால் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். கணேசனின் அப்பா ரிட்டையர்டான பள்ளிக்கூட வாத்தியார். அம்மா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தங்கை சரஸ்வதி பள்ளிக்கூடப் பாவாடையோடு வந்து எனக்குக் காபி வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் நின்றாள். அப்பா பெட்டியைத் திறக்கவில்லை. கொஞ்சநேரம் ரயில் பயணத்தைப் பற்றி விசாரித்தார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

“பைலட்டுக்கெல்லாம் சீட்டோட தூக்கி வெளியில எறியற ஏற்பாடு இருக்காமே? பேப்பர்ல போட்டிருந்தான். அப்படீன்னா கணேசன் எங்கயாவது எறங்கியிருப்பன், இல்லையா?”

எனக்குத் தெரிந்த விஷயம். நான் பதில் சொல்லலாம் என்று உத்தரவு இருக்கிற விஷயம். பொய் நம்பிக்கையில் ஒரு குடும்பத்தை உட்கார வைப்பது பாவம் என்று நினைத்தேன். அதனால் நாற்காலி நுனிக்கு வந்து, கையால் காட்டிக் காட்டி, பொறுமையாக விளக்கினேன். சார் பைலட் இல்லை, நாவிகேட்டர். அந்த சீட் பைலட்டுக்கு மட்டும்தான். சாருக்கு மூக்கில் இடம், மார்பில் மாட்டவேண்டும், தவழ்ந்து போகவேண்டும். விமானம் தாழப் பறக்கும்போது அதற்கெல்லாம் நேரம் இருக்காது. இத்தனையும் சொன்னேன். அடுக்களைக் கதவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அப்பா எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

“தரையில நிக்கறவனுக்கு ஆகாசத்துல நடக்கறது என்ன தெரியும்? பெட்டியக் குடுத்தாச்சோல்லியோ, கிளம்பு.”

காபி அப்படியே இருந்தது. நான் தெருவில் இறங்கி நடந்தேன். காது மடல் எரிந்தது. அந்த பாராசூட்டைத் தொட்டு மடித்தவன் நான், எனக்குத் தெரியாதாம். போனக்காட்டான் என்பதால் சொன்னாரோ என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அதே ஆத்திரம்தான்.

பிறகு நான் ஓய்வுபெற்று, மனைவி வழிச் சொந்தம் பக்கத்தில் இருக்கட்டும் என்று இதே தெருக்கோடியில் வீடு வாங்கியபோது கணேசனின் அப்பா காலமாகியிருந்தார். ஆனால் அவர் வார்த்தை தெருவில் நிலைத்துவிட்டது. அது பைலட் வீடு. கணேசனின் அம்மா, பைலட் அம்மா. கோயிலில் கணேசன் நட்சத்திரத்துக்கு வருஷம் தவறாமல் அர்ச்சனை நடந்தது. சிராத்தம் ஒரு தடவைகூட நடக்கவில்லை. நான் திருத்தாமல் விட்டதில்லை. அந்த அம்மா கோயிலுக்கு நடந்துபோகும் வழியில், அவர் காதில் விழும்படிகூட, யாரிடமாவது ‘பைலட் இல்லை, நாவிகேட்டர்’ என்று விளக்கியிருக்கிறேன். யாராவது ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டாமா? அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உள்ளே போனதில்லை. அம்மா தொண்ணூறு தாண்டி வாழ்ந்து, மூன்று வருஷம் முன்னால் போனார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த சரஸ்வதி இப்போது அங்கே தனியாக இருக்கிறார்.

கல் விஷயமாகக் கூடிய அசோசியேஷன் கூட்டத்தில் என்னால் ஆனமட்டும் வாதாடினேன். சீட், கொக்கி, கதவு எல்லாம் சொன்னேன். விஷ்ணு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவுன்சிலரின் ஆள் கொட்டாவி விட்டான். தெருவின் மூத்தவர் ஒருவர், எண்பத்தைந்து இருக்கும், அவராவது கேட்பார் என்று பார்த்தேன். “விடுங்கோ முருகேசன், பைலட்னே இருக்கட்டும், நல்ல வார்த்தைதானே” என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. கடைசியில் விஷ்ணு, குடும்பத்துக்காரர்கள் எழுதிக் கொடுத்தால் மாற்றலாம் என்று முடித்துவைத்தான்.

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை அந்த வாசலில் மறுபடி ஏறினேன். சரஸ்வதி மாமி என்னைக் கண்டதும் கதவை முழுக்கத் திறந்தார். கூடத்தில் அதே இடத்தில் நாற்காலி போட்டார். நான் உட்காரும் முன்பே கூட்டத்தில் நடந்ததைக் கொட்டித் தீர்த்தேன். உங்கள் அப்பாவும் அன்று நம்பவில்லை, இந்தத் தெருவும் இன்றுவரை நம்பவில்லை, நீங்களாவது ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன்.

மாமி என் எதிரே வந்து நின்றார்.

“அப்பா நம்பலைன்னு ஆர் சொன்னா?” என்றார். “அந்த சீட் தனக்குக் கிடையாதுன்னு கணேசன் கடைசியா லீவுக்கு வந்தப்போ அப்பாகிட்டப் பறஞ்சிருக்கான். அப்பாவுக்கு நன்னாத் தெரியுமாக்கும்.”

பிறகு எதற்கு என்னிடம் அப்படிக் கேட்டார் என்றேன்.

“அம்மா கேக்கணும்னுதான். அம்மா நாலு நாளா ஒண்ணும் சாப்பிடலை. யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் ஆமான்னு சொன்னா அவ நம்புவள்னு நெனச்சார். நீங்கோ ஆமான்னு சொல்லுவேள்னுதான் அத்தனை உரக்கக் கேட்டார்.”

நான் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நீங்கோ போனப்பறம் கொல்லைல போய் நின்னுண்டு அழுதார். உங்களைச் சொன்னதுக்கும் சேத்துத்தான் அழுதார். அப்பறம் வீடு வீடாப் போய், எங்காத்துல பைலட்னே சொல்லுங்கோ, வேற ஒண்ணும் சொல்லாதேங்கோன்னு கேட்டுண்டார். அன்னிக்கு இருந்த பெரியவா எல்லாருக்கும் விஷயம் தெரியும். பின்னால வந்தவா அதுதான் நெஜம்னு நெனச்சுண்டா.”

பால் பூத்திலும் கோயில் கமிட்டியிலும் எனக்குத் தலையாட்டிய கிழவர்களின் முகமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த அம்மா கோயிலுக்குப் போகும் வழியில் நான் நின்று விளக்கியதும் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது. அம்மா நம்பினார்களா என்று கேட்டேன். அதைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

“எனக்கு அறியாது. அம்மா நீங்கோ சொன்னதையும் கேட்டா, தெரு சொன்னதையும் கேட்டா. ஆனா ஆராவது பைலட்டோட அம்மான்னு கூப்பிட்டா திரும்பிப் பாத்துச் சிரிப்பள்.”

மாமி உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார்.

“என்ன எழுதணுமோ நீங்களே எழுதுங்கோ, நான் ஒப்புப் போட்டுத் தரேன். அம்மா போயாச்சு. இனிமே கல்லுல நாவிகேட்டர்னு வெட்டலாம்.”